குழிக்குள் நடக்கும் வண்டு

தீர்த்தகிரிக்குப் பயம் பிடித்தது போன வருஷம் ஆவணி மாதத்தில். அதற்கு முன்னால் அவரைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொன்னதில்லை. வேலியில் கிடந்த சாரைப் பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சோறு தின்ற மனுஷன். அவரை விரல் நீளப் புழு ஒன்று வந்து ஆட்டிவைத்துவிட்டது.

சிவப்புக் கம்பளிப்புழு என்று அதற்குப் பேர். தர்மபுரிப் பக்கம் மழையை நம்பி நிலக்கடலை போடுகிறவர்களிடம் அந்தப் பேரைச் சொல்லிப் பாருங்கள், பேச்சை மாற்றிவிடுவார்கள். நல்ல மழை ஒன்று பெய்து மண் குளிர்ந்ததும், உள்ளே கிடக்கிற கூட்டுப்புழுக்கள் அந்துப்பூச்சியாகி மேலே வரும். பறந்துபோய் இலைக்கு அடியில் முட்டை வைக்கும். அது பொரிந்து, புழு பெருக்க ஆரம்பித்தால், ஒரு கடலைக் கொல்லையை மொட்டையடித்துவிட்டு அடுத்த கொல்லைக்குக் கூட்டமாக நடந்தே போகும்.

தீர்த்தகிரியின் ரெண்டு ஏக்கர் மூன்றே நாளில் போனது. நாலாம் நாள் காலையில் பார்த்தால் இலை என்று ஒன்று இல்லை. குச்சிதான் நின்றது.

ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிற மகன்கள் ரெண்டு பேரும் வந்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வயசில் எதற்கப்பா இந்தப் பாடு, கல்குவாரிக்காரர் நிலத்தைக் கேட்கிறார், கொடுத்துவிட்டு எங்களோடு வந்து இருங்கள் என்றார்கள். தீர்த்தகிரி ஒத்துக்கொள்ளவில்லை. இன்னும் ஒரே ஒரு வருஷம் விடுங்கள், அப்போதும் புழு தின்றால் நானே வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டார். சொன்ன சொல்லை அன்றைக்கே திரும்ப எடுத்துக்கொண்டிருக்கலாம். ரோஷம் விடவில்லை.

இந்த வருஷம் விதை முளைத்து நாலு இலை விட்டதும் மண்வெட்டியை எடுத்தார். கொல்லையைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு, முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டினார். ரெண்டு பக்கச் சுவரையும் செங்குத்தாகச் செதுக்கி, ஈர மண்ணைப் பூசி, தேங்காய்த் தொட்டியால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினார். புழு ஏறினால் வழுக்க வேண்டும்.

குழி வெட்டுவது அந்தப் பக்கத்தில் புதுசு இல்லை. புழு நடந்து வருகிற பக்கம் மட்டும் ஒன்று வெட்டிவைப்பார்கள். நாலு பக்கமும் வெட்டி, வண்டிப் பாதையையும் சேர்த்து அறுத்துப் போட்டவர் இவர் ஒருவர்தான். களையெடுக்க வந்த பெண்களைக்கூடத் திருப்பி அனுப்பிவிட்டார். சேலைக் கொசுவத்தில் புழு தொற்றிக்கொண்டு வரும் என்றார். அவர்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துச் சிரித்துக்கொண்டு வேறு கொல்லைக்குப் போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே வேலை. காலையில் குழியைச் சுற்றுவார். மத்தியானம் சுற்றுவார். பொழுது சாயும்போது இன்னொரு தரம். விழுந்து கிடக்கிற புழுவைக் குச்சியால் எடுத்து உப்புத் தண்ணீரில் போடுவார். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது. இலை அசைந்தால் புழு, நிழல் அசைந்தால் புழு. அவர் மனைவி சாலம்மாள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், தட்டை வைத்துவிட்டு எழுந்து போக ஆரம்பித்தாள்.

ஊருக்கு மேற்கே ஒரு கரடு, சின்னக் குன்று மாதிரி, உண்டு. பாறையும் முள்ளும்தான். அதன் அடியில் ஓலைக் கொட்டாய் போட்டுக்கொண்டு சென்னம்மா என்று ஒருவர் இருந்தார். வயசு முப்பத்தைந்துக்கு மேல் இருக்காது. எங்கிருந்து வந்தார், ஏன் வந்தார் என்று என்னைக் கேட்காதீர்கள். அவரையே நேரில் கேட்டவர்களுக்கும் பதில் வரவில்லை. காவி கிடையாது, குறி சொல்வது கிடையாது, விபூதி கொடுப்பது கிடையாது. ஆனாலும் மனசு சரியில்லாதவர்கள் நாலு பேர் அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். வந்த பிறகு கொஞ்ச நாளைக்கு வீட்டில் சண்டை போடாமல் இருந்தார்கள்.

தீர்த்தகிரி ரெண்டு வருஷமாக அங்கே போகிறார். சென்னம்மாவைவிட அவருக்கு இருபது வயசு கூடுதல். அவர் ‘அம்மா’ என்பார், சென்னம்மா ‘அண்ணா’ என்பார். வெளியாள் பார்த்தால் யார் குரு, யார் சீடர் என்று குழம்பித்தான் போவான். முதல் நாளே மந்திரம் ஏதாவது கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார் தீர்த்தகிரி. சென்னம்மா விளக்குமாற்றைக் கொடுத்தார். அதிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் கொட்டாய் வாசலைப் பெருக்கிக்கொண்டிருக்கிறார்.

குழி வெட்டி மூன்றாவது வெள்ளிக்கிழமை, பெருக்கி முடித்துவிட்டு சென்னம்மா முன்னால் போய் உட்கார்ந்தார்.

“பயம் போகணும்மா. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க.”

போன வருஷக் கதை, மகன்களுக்குக் கொடுத்த வாக்கு, குழி, வழவழப்பு எல்லாவற்றையும் சொன்னார். ஏற்கெனவே நாலு தரம் சொன்னதுதான். சென்னம்மா முதல் தரம் கேட்பது போலக் கேட்டுக்கொண்டார்.

“குழியில என்ன விழுது?”

“புழுதாங்க.”

“வேற?”

“வேற எதையும் பார்க்கலைங்க.”

“பாருங்க” என்றார் சென்னம்மா. அவ்வளவுதான். அடுப்பை ஊதப் போய்விட்டார்.

இதற்கா இவ்வளவு தூரம் நடந்து வந்தோம் என்று தீர்த்தகிரிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனாலும் மறுநாள் காலையில் பார்த்தார். பார்த்தால்தானே தெரியும்.

குழியின் தரையில் ஒரு வண்டு நடந்துகொண்டிருந்தது. கட்டைவிரல் தடிமன், அட்டைக் கறுப்பு. கழுத்தில் ரெண்டும் முதுகில் நாலுமாக வெள்ளைப் புள்ளி ஆறு. நீளக் கால்கள். முன்னால் கத்தரிக்கோல் மாதிரி தாடை. சுவரை ஒட்டியே விறுவிறுவென்று போனது. மூலை வந்தால் திரும்பி, அடுத்த சுவரை ஒட்டிப் போனது. ஏறப் பார்க்கும், ரெண்டு விரல் ஏறும், வழுக்கி விழும், மறுபடி நடக்கும். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. கிழக்கு மூலையில் மூன்று.

தீர்த்தகிரி ஒரு அடி பின்வாங்கினார். புழுவுக்கே பதில் இல்லை, இதில் புது எதிரியா? பார்க்கவே கொலைகாரன் மாதிரி இருந்தது. குழி மட்டும் இல்லாவிட்டால் இதெல்லாம் உள்ளே புகுந்திருக்குமே என்று நினைக்க நினைக்க உடம்பு சிலிர்த்தது. அகப்பையால் ஒவ்வொன்றாக அள்ளி மண்சட்டியில் போட்டு மூடிவைத்தார். ரெண்டு நாளில் பத்தொன்பது சேர்ந்தது.

இருபதாவதைக் கையால் பிடித்தார். அவசரம். அது பின்பக்கத்தைத் தூக்கி அவர் முகத்துக்கு நேராக ஒரு பீச்சு பீச்சியது. கன்னத்திலும் இடது கண்ணோரத்திலும் பட்டது. மிளகாய்ப் பொடி விழுந்தால்கூட அப்படி எரியாது. கையில் இருந்ததை உதறிவிட்டு, சட்டியை மட்டும் அணைத்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணோடு கரட்டடிக்கு ஓடினார். கண் போய்விட்டதென்றே முடிவு கட்டிவிட்டார்.

சென்னம்மா அவரைக் குனியச் சொல்லிக் கண்ணில் தண்ணீரை ஊற்றினார். ஒரு குடம் தீர்ந்தது. இன்னொரு குடம் ஊற்றினார். எரிச்சல் அடங்கிய பிறகுதான் கேட்டார்.

“பீச்சறதுக்கு முன்ன பின்பக்கத்தைத் தூக்கியிருக்குமே?”

“தூக்குச்சுங்க.”

“பார்த்தீங்களா?”

“பார்த்தேங்க.”

“அப்புறமும் விடலையா?”

தீர்த்தகிரிக்கு வெட்கமாகிவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சென்னம்மா தனக்கும் அது நடந்திருக்கிறது என்றார். வந்த புதுசில் ஒன்று பாயில் ஏறியதாம். தட்டிவிட்டாராம். மூன்று நாள் கை எரிந்ததாம். அடுத்த வருஷம் ஏறியபோது தட்டவில்லை, அது பாட்டுக்கு ஏறி இறங்கிப் போய்விட்டது என்றார்.

பிறகு சட்டியைத் திறந்து பார்த்தார். அவர் முகத்தில் என்னமோ ஓடியது. உள்ளே போய் ஒரு அகலமான மண்தொட்டியை எடுத்துவந்து, சட்டியிலிருந்து ஒரே ஒரு வண்டை மட்டும் அதில் சரித்துவிட்டார். கரட்டுச் சரிவில் எருக்கஞ்செடியைச் சுற்றிக் கம்பளிப்புழு ரெண்டு மூன்று திரிந்துகொண்டிருந்தது. குச்சியில் ஒன்றை ஏற்றிக் கொண்டுவந்து தொட்டியில் போட்டார்.

“உட்கார்ந்து பாருங்க. நான் தண்ணிக்குப் போயிட்டு வரேன்.”

தீர்த்தகிரி உட்கார்ந்தார். வண்டு முதலில் தொட்டியின் ஓரமாக ரெண்டு சுற்று வந்தது. புழு மேல் மீசை பட்டதும் நின்றது. அடுத்த நிமிஷம் தாடையால் கவ்விவிட்டது. புழு சுருண்டது, உதறியது, மயிரையெல்லாம் விறைத்துக் காட்டியது. வண்டு விடவில்லை. பிடியை மாற்றி மாற்றி மென்றது. சென்னம்மா குடத்தோடு திரும்பி வந்தபோது தொட்டியில் கொஞ்சம் மயிரும் ஈரத் தோலும்தான் கிடந்தது.

தீர்த்தகிரி எழுந்து நின்றுகொண்டிருந்தார். வாய் திறந்தபடி இருந்தது.

“அம்மா, இது புழு தின்னுதுங்க.”

“புழு, கரையான், வெட்டுக்கிளி, கரப்பான், கிடைச்சதைத் தின்னும்.”

“ஒரு நாளைக்கு எத்தனை தின்னும்?”

“எண்ணினதில்லை.”

“குத்துமதிப்பா?”

சென்னம்மா குடத்தை இறக்கிவைத்தார். வண்டைத் தொட்டியோடு தூக்கிக் கொட்டாய்ப் பின்புறம் ஒரு பாறை இடுக்கில் சரித்தார். அது உள்ளே போய் மறைந்தது. தீர்த்தகிரிக்கு மனசு அடித்துக்கொண்டது. புழு தின்கிற ஒன்றை இப்படி விட்டுவிட்டாரே என்று.

“இறக்கை இருக்கேம்மா, பறந்து வராதா?”

“மேல இருக்கறது வெறும் மூடி. நடுவுல ஒட்டிக்கிட்டு இருக்கு. திறக்காது. இது நடந்துதான் போகணும்.”

மீதியை என்ன செய்வது என்று கேட்டார். எடுத்த இடத்திலேயே விடச் சொன்னார் சென்னம்மா. சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் தீர்த்தகிரி கிளம்பினார். ஆனால் கரட்டுப் பாதை முடிவதற்குள் மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. பயந்தவன் மனசு அப்படித்தான். ஒரு நல்லது கைக்கு வந்தால் அதையும் கட்டிப்போடத்தான் பார்க்கும்.

குழியில்தானே எடுத்தோம்? குழியில் விட்டால் யாருக்கு என்ன லாபம்? உள்ளே விட்டால் பதினெட்டும் நம் கொல்லையிலேயே இருக்கும். பறக்கவும் பறக்காது. குழியைத் தாண்டவும் தாண்டாது. இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

அன்று சாயங்காலம் நீளக் கழி ஒன்றின் நுனியில் தேங்காய்த் தொட்டியைக் கட்டினார். அதில் ஒவ்வொரு வண்டாக வைத்து, வெளிக்கரையில் நின்றபடியே கழியை நீட்டி, குழிக்கு அந்தப் பக்கம் செடிக்கடியில் இறக்கினார். பதினெட்டையும் இறக்கி முடித்தபோது முதுகு விட்டுப்போனது. ஆனாலும் அன்றைக்கு ரெண்டு வாய் கூடச் சாப்பிட்டார். சாலம்மாளே ஆச்சரியப்பட்டாள்.

காலையில் போனார். பதினைந்து வண்டு குழியில் கிடந்தது. உள்பக்கத்திலிருந்து வந்து விழுந்திருக்கிறது.

அவருக்குக் கோபமே வந்துவிட்டது. தின்னச் சொல்லித்தானே விட்டோம்? மறுபடியும் கழியை எடுத்து ஒவ்வொன்றாக உள்ளே விட்டார். விட்டதெல்லாம் திரும்பி வந்து விழுந்தது. விழுந்ததெல்லாம் சுவரை ஒட்டி நடந்தது. வெயில் ஏறியது. அன்றைக்கு மேகமே இல்லை, செம்மண் அடுப்புக்கல் போலக் காய்ந்தது. பத்து மணிக்கு ஒன்று கால் மடக்கிக் கவிழ்ந்தது. அப்புறம் இன்னொன்று. நிழலுக்குப் பனையோலையை வெட்டிக்கொண்டு அவர் ஓடி வருவதற்குள் எறும்பு வந்துவிட்டது. பதினொன்று செத்துப்போயிற்று. மிச்சம் நாலையும் அள்ளி வரப்பில் போட்டார். அதுகள் கல்லுக்கடியில் நுழைந்துகொண்டன.

அப்போதுதான் நிமிர்ந்து கொல்லையைப் பார்த்தார். நடுவில் ஒரு பாய் அகலத்துக்குப் பச்சை வெளுத்திருந்தது. கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். வெயிலில் கண் கூசியது. புழுதானா, இல்லை மண் காய்ந்து செடி வாடியதா, கரையிலிருந்து தெரியவில்லை. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருக்க முடியாமல் வியாழக்கிழமையே கரட்டடிக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை மகன்கள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். கொல்லையைப் பார்ப்பார்கள். பார்த்தால் கேட்பார்கள். பக்கத்துக் கொல்லை சின்னப்பையன் என்கிறவருடையது. அதில் புழு பெருத்துவிட்டது, இன்றோ நாளையோ கிளம்பி நடக்கும். இதையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னார். பதினொன்று செத்ததைச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது.

“நான் எதைத் தொட்டாலும் தப்பாவே போகுதும்மா. உள்ள தீனி இருக்குது. எதுக்கு வெளிய வந்து விழுது?”

“வீடு வெளிய இருக்கு.”

தீர்த்தகிரிக்குப் புரியவில்லை.

அது பொழுது சாய்ந்தால்தான் மேய வரும், வெயில் ஏறுவதற்குள் பொந்துக்குத் திரும்பிவிடும் என்றார் சென்னம்மா. பொந்து வரப்புக் கல்லுக்கடியிலும் எலி வளையிலும் வேலி வேரிலும் இருக்கிறது. உழுத மண்ணில் அதற்கு இடமில்லை. மழை மேகம் கட்டினால் பகலிலும் வெளியே வரும். தினம் போகும், தினம் வரும். உங்கள் அப்பா காலத்திலும் அது அந்த வரப்பிலிருந்துதான் வந்திருக்கும், நீங்கள் பார்க்காமல் இருந்திருப்பீர்கள் என்றார். சென்னம்மா ஒரே மூச்சில் அவ்வளவு பேசி தீர்த்தகிரி அதுவரை கேட்டதில்லை.

சொல்லி முடித்ததும் தீர்த்தகிரிக்கு உறைத்தது. நாலு பக்கமும் குழி. அது இந்தப் பக்கம் விழுந்தாலும் செத்தது, அந்தப் பக்கம் விழுந்தாலும் செத்தது. அந்துப்பூச்சி மட்டும் மேலே பறந்து உள்ளே போயிருக்கிறது.

“புழுவுக்குத் தெரியாம வண்டுக்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்கம்மா.”

சென்னம்மா சிரித்துவிட்டார். கேலிச் சிரிப்பு இல்லை, அடக்க முடியாமல் வந்தது. எழுந்து, சேலையை உதறிச் சொருகிக்கொண்டு, “வாங்க, போலாம்” என்றார். அவர் வந்த இந்த எட்டு வருஷத்தில் கரட்டடியைவிட்டு ஊர்ப்பக்கம் வந்து யாரும் பார்த்ததில்லை. தீர்த்தகிரி பின்னால் ஓடினார்.

கொல்லைக்கு வந்து சேர்ந்தபோது மேற்கே மேகம் கட்டியிருந்தது. வெயில் இல்லை. சென்னம்மா கரையில் நடந்தார். தீர்த்தகிரியும் நடந்தார். ஒரு முழுச் சுற்று வந்தார்கள். குழிக்குள்ளே ஒரு வண்டு அவர்களோடு கூடவே சுவரை ஒட்டி நடந்து வந்தது. மூலையில் அதுவும் திரும்பியது. தீர்த்தகிரி அதைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டார்.

“நடுவுல வெள்ளையாத் தெரியுதே, என்ன அது?”

“தெரியலைங்க. புழுவா இருக்கும். வாட்டமாக்கூட இருக்கும்.”

“களை நிறைய இருக்கு.”

“ஆமாங்க.”

சென்னம்மா சின்னப்பையன் கொல்லைப் பக்கக் கரையில் உட்கார்ந்தார். கால் ரெண்டையும் குழிக்குள் தொங்கவிட்டார். எதிர்ச்சுவரில் வலது குதிகாலை வைத்து அழுத்தினார். தேய்த்து வழவழப்பாக்கிய சுவர் விண்டு, ஒரு கட்டி மண் கீழே விழுந்தது.

தீர்த்தகிரி பாய்ந்து வந்து அவர் காலைப் பிடித்தார். கும்பிடுவதற்கு இல்லை. ரெண்டு கையாலும் கணுக்காலை இறுக்கிக்கொண்டார். குருவின் காலை அப்படிப் பிடித்த சீடர் வேறு எங்காவது இருப்பாரா என்று எனக்குத் தெரியாது.

“வேண்டாம்மா. புழு வந்துரும்.”

“வரும்.”

“அந்தக் கொல்லை முழுக்க இருக்குதுங்க. ஒரு வழி கிடைச்சாப் போதும்.”

“ஆமா.”

“தெரிஞ்சுமா பண்றீங்க?”

“இதுவும் வரணும்ல?”

வண்டு அந்த மண்கட்டி வரைக்கும் வந்து நின்றது. மீசையால் தொட்டுப் பார்த்தது. ஏற முயன்றது. மேலே இன்னும் ஒரு சாண் சுவர் நின்றுகொண்டிருந்தது. சரிந்து விழுந்தது.

சென்னம்மா காலை இழுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை. அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூரத்தில் எங்கேயோ மாடு கத்தியது. வண்டு மறுபடி ஏறியது, மறுபடி விழுந்தது. அது ஆறாவது தரமோ ஏழாவது தரமோ விழுந்தபோது தீர்த்தகிரி கையை எடுத்தார். எடுத்துவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார்.

சென்னம்மா அழுத்தினார். ஒரு முழ நீளத்துக்குச் சுவர் சரிந்தது. எழுந்து நின்று, இந்தப் பக்கச் சுவரையும் மிதித்துச் சரித்தார். குழி அந்த இடத்தில் பாதி தூர்ந்து, ஏறி இறங்குகிற மாதிரி சாய்வாகிவிட்டது. ரெண்டு பேரும் நகர்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள்.

முதலில் வந்தது புழு.

சின்னப்பையன் வரப்பிலிருந்து இறங்கி, மண் சரிவில் ஏறி, மயிரை அலைத்துக்கொண்டு சாவகாசமாகக் கொல்லைக்குள் போனது. போன வருஷத்தில் வந்த அதே நடை. தீர்த்தகிரி பாதி எழுந்துவிட்டார். சென்னம்மா தடுக்கவில்லை, போகச் சொல்லவும் இல்லை. அவர் மறுபடி உட்கார்ந்தார்.

அப்புறம் வண்டு வந்தது. சரிந்த மண்ணில் கால் பதிந்தது. வழுக்கவில்லை. மேலே ஏறி ஒரு நிமிஷம் நின்றது. புழு போன பக்கம் போகும் என்று தீர்த்தகிரி கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். அது அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. வேறு திசையில் விறுவிறுவென்று போய்க் கடலைச் செடிக்கடியில் நுழைந்துவிட்டது. இலை ஒன்று லேசாக ஆடியது. பிறகு அதுவும் நின்றது.

“அது வேற பக்கம் போகுதேம்மா.”

“ஆமா.”

“திரும்பி வருமா?”

“வரலாம்.”

தீர்த்தகிரி சரிந்த மண்ணைப் பார்த்தார். இருபத்தேழு நாள் உழைப்பு. தூரத்தில் வெளுத்த இடத்தைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு நடுவில் ரெண்டே நாள் இருக்கிறது. அவருக்குத் தாங்கவில்லை.

“இந்த நிலம் என்னை விட்டுப் போயிருச்சுன்னா நான் என்னம்மா பண்ணுவேன்?”

சென்னம்மா செடிகளுக்கு நடுவில் களை மண்டிய இடைவெளியைப் பார்த்தார். அதில் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

“நீங்க இதுக்குள்ள போயி எத்தனை நாளாச்சு, அண்ணா?”